கிடைக்காத பாடியால் பிறந்த கார்

1953-ல் இங்கிலாந்தில் இரண்டு கம்பெனிகள் கைமாறின. கார்களுக்குத் தகட்டில் பாடி அடித்துக்கொடுத்து வந்த பிரிக்ஸ் நிறுவனத்தை ஃபோர்டு வாங்கியது. அதே தொழிலில் இருந்த பர்மிங்ஹாம் ஃபிஷர் அண்ட் லட்லோவை பி.எம்.சி. வாங்கியது. ஆஸ்டினும் மோரிஸும் முந்தின ஆண்டு ஒன்றுசேர்ந்து உண்டான பெரிய நிறுவனம்தான் பி.எம்.சி. மற்றவர்களுக்கு இது வெறும் வணிகச் செய்தி. கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு மட்டும் அது தலையில் விழுந்த இடி. ட்ரையம்ஃப் என்ற பெயரையும் கையில் வைத்திருந்த அந்தக் கம்பெனியின் சின்ன கார்களுக்கு பாடி வந்தது ஃபிஷர் அண்ட் லட்லோவிடமிருந்துதான். இனி பாடி வேண்டும் என்றால் போட்டிக்காரரின் வாசலில் போய் நிற்க வேண்டும்.

அடுத்த புதிய காருக்கு அந்த வாசலில் ஆதரவு இல்லை என்பது சீக்கிரமே தெரிந்துபோனது. அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் ட்ரையம்ஃப் ஹெரால்டு. சென்னை வண்டலூரில் செய்யப்பட்டு, ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் நம் தெருக்களில் ஓடிய அதே கார். இன்று ஒரு பழைய ஹெரால்டின் பாடியைக் கழற்றி, துரு எடுத்து, அதன் சொந்த சேஸிஸின் மேலேயே திரும்ப உட்கார வைக்க முடிகிறதென்றால் அதற்குக் காரணம் அன்றைய அந்த மறுப்பு. அந்த வேலை அவ்வளவு பொறுமையைக் கேட்பதற்கும் அதுவே காரணம்.

கார் பிறந்த காலத்தில் அது இரண்டு வீட்டுப் பொருள். அடியிலிருக்கும் சட்டம், எஞ்சின், கியர், அச்சு, சக்கரம் எல்லாம் மோட்டார் கம்பெனியின் வேலை. மேலே உட்காரும் கூண்டு, குதிரை வண்டி கட்டிப் பழகிய கைகளின் வேலை. இரண்டாம் உலகப் போர் வரைக்கும் ரோல்ஸ்-ராய்ஸ் விற்றது வெறும் சேஸிஸைத்தான். வாங்கியவர் அதை பார்க்கர், ஹூப்பர் மாதிரியான பட்டறைகளுக்கு அனுப்பித் தன் வசதிக்கும் ரசனைக்கும் ஏற்ப பாடி கட்டிக்கொண்டார். சென்னையில் 1840-ல் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனி குதிரை வண்டியிலிருந்து மோட்டார் வண்டிக்கு வந்ததும் இந்த வழியில்தான். நமக்கு இது இன்னும் பழங்கதை ஆகிவிடவில்லை. கூண்டே இல்லாத புதுச் சேஸிஸை, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலையும் தூசியையும் வாங்கியபடி கரூருக்கு ஓட்டிப்போகும் டிரைவரை நெடுஞ்சாலையில் பார்த்திருப்போம். பஸ்ஸுக்கு பாடி கட்டுவது அந்த ஊரின் தொழில்.

இந்த ஏற்பாட்டில் ஒரு தீராத சிக்கல் இருந்தது. இரண்டு நீளமான எஃகு விட்டங்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்தால் அது பாரம் தாங்கும். ஆனால் முறுக்கத்தைத் தாங்காது. முன்சக்கரம் ஒன்று பள்ளத்தில் இறங்கினால் சட்டம் லேசாக முறுக்கிக்கொள்ளும். மேலே இருக்கும் பாடியும் அதோடு முறுக்கினால் மரச்சட்டங்கள் உரசிக் கிறீச்சிடும், பெயின்ட் வெடிக்கும், கதவு சிக்கும். 1920-களில் சார்ல்ஸ் வேமான் என்ற விமானி இதற்கு ஒரு வழி கண்டார். மரத்தோடு மரம் உரசாதபடி இணைப்புகளுக்கு நடுவே எஃகுத் தகடு வைத்து, மேலே தகட்டுக்குப் பதிலாகத் துணியைப் போர்த்தினார். சட்டம் முறுக்கினால் பாடியும் சத்தமில்லாமல் நெளிந்து கொடுத்தது. மற்றவர்கள் பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே ரப்பரோ தோலோ வைத்துச் சமாளித்தார்கள்.

சட்டத்தையே ஒழித்துவிட்டால் என்ன என்ற யோசனையும் கூடவே வளர்ந்தது. 1922-ல் இத்தாலியின் லான்சியா லாம்ப்டாவில் பாடியும் சட்டமும் ஒரே உடலாயின. 1934-ல் பிரான்ஸின் சித்ரோயன் அதை ஏராளமாகச் செய்து காட்டியது. தரை, தூண்கள், கூரை எல்லாவற்றையும் ஒன்றோடொன்று வெல்டிங் செய்துவிட்டால் அந்த முழுக் கூடே பாரத்தைத் தாங்கும். எடை குறையும், முறுக்கமும் குறையும். இதற்குக் கொடுக்கும் விலை அச்சுகளில் இருக்கிறது. பெரிய தகடுகளை ஒரே அடியில் வளைக்கும் பிரம்மாண்டமான பிரஸ்களும், அவற்றுக்கான அச்சுகளும் வேண்டும். அவை சில கம்பெனிகளிடம் மட்டுமே இருந்தன. அந்தக் கம்பெனிகளைத்தான் பெரியவர்கள் வாங்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஸ்டாண்டர்டு கம்பெனி அந்தப் புதிய பாதையில் ஏற்கெனவே கால் வைத்திருந்தது. 1953-ல் வந்த அதன் ஸ்டாண்டர்டு எய்ட் சட்டமில்லாத கார். அதன் அடுத்த வாரிசாக, ‘ஸோபோ’ என்ற ரகசியப் பெயரில் திட்டமிட்ட காருக்கும் அதே வழிதான் இயல்பு. ஆனால் கூட்டை அடித்துத் தர ஆளில்லை. அப்போது தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டரும் மற்றவர்களும் எடுத்த முடிவு, காலத்தை இருபது ஆண்டு பின்னால் தள்ளியதுபோலத் தோன்றியிருக்கும். தனிச் சேஸிஸுக்கே திரும்புவது என்று தீர்மானித்தார்கள். பாரம் முழுவதையும் அடிச்சட்டம் தாங்கிவிட்டால் மேலே இருக்கும் பாடி ஒரே உடலாக இருக்க வேண்டியதில்லை. துண்டு துண்டாகச் செய்யலாம். சின்னத் துண்டுகளை அடிக்கப் பெரிய பிரஸ் தேவையில்லை. ஒரு துண்டை லிவர்பூலில் ஒருவர் செய்யட்டும், இன்னொன்றைப் பர்மிங்ஹாமில் வேறொருவர் செய்யட்டும். கவென்ட்ரியில் போல்ட் போட்டுச் சேர்த்துக்கொள்ளலாம்.

இதில் ஏற்றுமதிக் கணக்கும் ஒன்று இருந்தது. அன்று காமன்வெல்த் நாடுகள் பலவும் முழுக் காரை இறக்குமதி செய்ய விடாமல், உதிரிகளாகக் கொண்டுவந்து உள்ளூரில் பூட்டச் சொல்லின. பெட்டியில் அடுக்கி அனுப்பி, பெரிய யந்திரங்கள் இல்லாத ஊரிலும் ஸ்பேனரால் பூட்டக்கூடிய கார் என்றால் அதற்குச் சந்தை உண்டு. பின்னாளில் ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, மால்டா, இந்தியா என்று பல இடங்களில் ஹெரால்டு பூட்டப்பட்டது.

உருவம் கொடுத்தவர் டுரினைச் சேர்ந்த ஜொவான்னி மிக்கெலோட்டி. கூரான விளிம்புகள், மெலிந்த தூண்கள், நாலாபக்கமும் கண்ணாடி. உள்ளே உட்கார்ந்தால் சுற்றிலும் 93 சதவீதம் பார்க்க முடியும் என்று கம்பெனி விளம்பரம் செய்தது. முன்பக்கத்தில்தான் பெரிய வித்தை. பானெட்டும் இரண்டு மட்கார்டுகளும் ஒரே பெரிய துண்டாகி, முன்னால் இருக்கும் கீலில் முழுதாகக் கவிழும். திறந்தால் எஞ்சின், சஸ்பென்ஷன், ஸ்டியரிங் எல்லாம் கண்ணெதிரே. மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்தில் முழுதாகத் திரும்பிவிடும். குறுகிய தெருக்காரர்களுக்கு அது பெரிய வசதி.

சேஸிஸ் எளிமையானது. நடுவே நெருக்கமாக ஓடும் இரண்டு முதன்மை விட்டங்கள். அவற்றிலிருந்து இருபுறமும் கைகளைப் போல நீளும் பக்கத் தாங்கிகள். அவற்றின் நுனியில்தான் பாடியின் ஓரங்கள் உட்காரும். எஞ்சின், கியர்பாக்ஸ், முன் சஸ்பென்ஷன், பின்னால் குறுக்கே கிடக்கும் ஒற்றைப் பட்டை ஸ்பிரிங் எல்லாம் இந்தச் சட்டத்தையே பிடித்திருக்கும். பாடி இல்லாமலே சக்கரத்தில் நின்று உருளும். மேலே பாடி இரண்டு பெரும் பாகம். டேஷ்போர்டும் முன் தரையும் சேர்ந்தது ஒன்று, பின்சீட்டுப் பகுதி இன்னொன்று. இரண்டும் நடுத்தரையில் போல்ட்டால் சேரும். கூரை தனி, கதவுக்குக் கீழே ஓடும் பக்கத்தகடு தனி, பானெட் தனி. எல்லாமே கழலும்.

விற்பனைக்கு வருவதற்கு முன்பே இரண்டு கார்களைக் கேப் டவுனிலிருந்து டாஞ்சியர் வரை ஆப்பிரிக்காவின் தென்கோடி முதல் வடகோடி வரை ஓட்டிப் பார்த்தார்கள். 1959 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஹெரால்டு அறிமுகமானது. 948 சி.சி. எஞ்சின் பழையது, ஸ்டாண்டர்டு குடும்பத்திலிருந்து வந்தது. மற்றதில் பெரும்பாலானவை புதிது.

மழை வந்தபோது குறை தெரிந்தது. வெவ்வேறு ஊரில் வெவ்வேறு கைகள் செய்த துண்டுகள், சேருமிடத்தில் இம்மியளவு தப்பின. ஒரே உடலாக வெல்டிங் செய்த காரில் இணைப்பு உள்ளேயே அடங்கிவிடும். ஹெரால்டில் ஒவ்வொரு இணைப்பும் வெளியே தெரிந்தது. அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்தது. கதவு ஒரு காரில் நெருக்கும், இன்னொன்றில் இளிக்கும். விலையும் குறைவில்லை. வரியோடு சுமார் 700 பவுன். கம்பெனி நஷ்டத்தில் மூழ்கி, 1961-ல் லாரி, பஸ் செய்த லேலண்டின் கைக்குப் போனது. நமக்குத் தெரிந்த எண்ணூர் அசோக் லேலண்டில் இருக்கும் அதே லேலண்டுதான். அதே ஆண்டு 1147 சி.சி. எஞ்சினோடு, பூச்சு வேலையும் பொருத்தமும் திருந்திய ஹெரால்டு 1200 வந்தது. அதன்பின் கார் பிழைத்துக்கொண்டது.

பழைய முறைக்குத் திரும்பியதன் பலனும் சீக்கிரமே வெளிப்பட்டது. சட்டமில்லாத காரில் புதிய உருவம் வேண்டுமென்றால் கூட்டின் பலத்தையே மறுபடி கணக்கிட்டுப் புதிய அச்சுகள் செய்ய வேண்டும். ஹெரால்டில் மேலே இருப்பதை மட்டும் மாற்றினால் போதும். 1960-ல் கூரையை எடுத்துவிட்டுத் துணிக் கூரை போட்டார்கள். பிறகு எஸ்டேட் வந்தது, வேன் வந்தது. 1962-ல் அதே சட்டத்தில் ஆறு சிலிண்டர் எஞ்சினை வைத்து விடெஸ் என்றார்கள். அதே ஆண்டு சட்டத்தைக் குறுக்கி, மேலே மிக்கெலோட்டி வரைந்த இன்னொரு பாடியை வைத்து ஸ்பிட்ஃபயர் என்ற விளையாட்டுக் கார் செய்தார்கள். அது 1980 வரை ஓடியது. பாடி கிடைக்காததால் எடுத்த முடிவு, ஒரு குடும்பத்துக்கே பாடி கொடுத்தது. இங்கிலாந்தில் 1971-ல் நிற்கும்போது ஹெரால்டு மட்டுமே ஐந்து லட்சத்துக்கு மேல் விற்றிருந்தது.

இந்தக் குடும்பத்தின் தமிழ்நாட்டுக் கிளை வண்டலூரில் முளைத்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா அங்கே வேன்கார்டு, பென்னன்ட் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்தது. 1961-ல் ஹெரால்டு வந்தது. அன்று இந்தியாவில் செய்யப்பட்டவை அம்பாஸடர், ஃபியட், ஹெரால்டு என்று மூன்றே கார்கள். முதல் இரண்டும் சட்டமில்லாத கார்கள். ஹெரால்டுக்கு மட்டும்தான் அடியில் தனிச் சேஸிஸ். அதற்கு இரண்டே கதவு என்பது குடும்பக்காரர்களுக்கு இடைஞ்சல். பின்சீட்டுக்குப் போக முன்சீட்டைக் கவிழ்த்து, புடவையை ஒதுக்கிக்கொண்டு குனிந்து நுழைய வேண்டும். 1968-ல் வண்டலூர்க்காரர்கள் நான்கு கதவு ஹெரால்டு செய்தார்கள். அது இங்கிலாந்திலேயே இல்லாத கார். பாரம் சுமப்பது சேஸிஸ் என்பதால்தான் பாடியை இப்படி வெட்டிக் கதவு வைப்பது ஒரு சின்னத் தொழிற்சாலைக்கும் எட்டக்கூடிய வேலையாக இருந்தது. பின்சீட்டில் ஆள் ஏறினால் சக்கரங்கள் ஒரு மாதிரி சாயும் பின் சஸ்பென்ஷன் மட்டும் இங்கே மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை, வாங்கியவர்களுக்கும் பிடிக்கவில்லை. 1972-ல் வந்த கஸல் காரில் அதை எடுத்துவிட்டு நேரான ஒற்றை அச்சு போட்டார்கள்.

எளிதில் கழல்வது இந்தக் காருக்கு ஒரு சாபமாகவும் ஆனது. இங்கிலாந்தில் பலர் ஹெரால்டை வாங்கி, பாடியைத் தூக்கிப் போட்டுவிட்டு, சேஸிஸின் மேல் கண்ணாடியிழையில் 1930-களின் காரைப் போல ஒரு கூண்டை மாட்டிக்கொண்டார்கள். அதற்கென்றே உதிரிகள் விற்ற பட்டறைகள் இருந்தன. கூரையைக் கழற்றிவிட்டுத் திறந்த கார் ஆக்கிக்கொண்டவர்களும் உண்டு. ஒரு காரின் பாடியை இன்னொன்றின் சேஸிஸில் ஏற்றி ஓட்டுவதும் சகஜம். அதனால்தான் இன்று ஒரு ஹெரால்டின் பாடியும் அதனோடு பிறந்த சேஸிஸும் ஒன்றாகக் கிடைத்தால் பழைய கார் ஆர்வலர்கள் அதை விடுவதில்லை.

சொந்தச் சேஸிஸ் ஏன் அவ்வளவு முக்கியம்? வெறும் அசல் மோகம் இல்லை. வரைபடத்தில் எல்லாச் சேஸிஸும் ஒன்றுதான். ஆனால் வெல்டிங் சூட்டில் தாங்கிகள் இம்மியளவு ஏறும், இறங்கும். பாடித் துண்டுகளும் அப்படியே. இரண்டின் குறையையும் சரிக்கட்டுவது நடுவே வைக்கும் பேக்கிங். சில இடத்தில் ரப்பர், சில இடத்தில் ரப்பரோடு மெல்லிய தகட்டுத் துண்டுகள். தொழிற்சாலையில் கதவு சரியாக விழும்வரை ஆள் ஒருவர் கையால் வைத்துப் பார்த்தவை அவை. இந்தத் தாங்கியில் எத்தனை, அந்தத் தாங்கியில் எத்தனை என்பது ஒவ்வொரு காருக்கும் வேறு. சேஸிஸ் மாறினால் அந்தக் கணக்கும் போய்விடும்.

நல்ல டிங்கர் மேஸ்திரி அதனால்தான் எடுத்தவுடன் போல்ட்டைக் கழற்றமாட்டார். கதவைச் சுற்றி இருக்கும் இடைவெளியை மேலே, நடுவே, கீழே என்று அளந்து எழுதிக்கொள்வார். ஒவ்வொரு தாங்கியிலிருந்தும் வரும் பேக்கிங்கைத் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதுவார். பாடியைத் தூக்குவதற்கு முன், முன்தூணுக்கும் பின்தூணுக்கும் குறுக்கே இரும்புக் குழாயைத் தற்காலிகமாக வெல்டிங் செய்வார். பலம் முழுவதும் சேஸிஸில் இருப்பதால் அதை விட்டுப் பிரிந்த பாடி துவண்டுபோகும். கதவு இருக்கும் இடம் சுருங்கினால் பிறகு விரிக்க முடியாது.

சேஸிஸ் தனியே வந்ததும் மண்ணையும் பழைய கிரீஸையும் சுரண்டினால் உண்மை தெரியும். முதலில் அரிப்பது பக்கத் தாங்கிகளின் நுனி. சக்கரம் வாரியடிக்கும் சேறு அங்கேதான் தங்கும். அரித்த துண்டை வெட்டி எடுத்துப் புதிதாக வைக்கலாம்; விட்டங்கள் பிழைத்திருந்தால் காரும் பிழைக்கும். அடுத்தது மூலைக்கு மூலை அளப்பது. முன் இடதுபுறத்திலிருந்து பின் வலதுபுறம் ஓர் அளவு, முன் வலதுபுறத்திலிருந்து பின் இடதுபுறம் ஓர் அளவு. இரண்டும் ஒன்றாக வந்தால் சட்டம் நேர். வராவிட்டால் எப்போதோ எதன் மீதோ மோதியிருக்கிறது. அதை இழுத்து நேராக்காமல் மேலே எதை வைத்தும் பயனில்லை.

அதன்பின் செயின் பிளாக்கில் பாடி இறங்கும். புது ரப்பர், பையில் இருந்த பழைய பேக்கிங், எல்லா போல்ட்டும் விரலால் திருகும் அளவுக்கு மட்டும். கல்யாணப் பந்தலுக்கு எல்லாக் காலும் நின்ற பிறகே கயிற்றை முறுக்கிக் கட்டுவார்கள். இங்கும் அதே முறை. ஒரு போல்ட்டை முதலிலேயே இறுக்கினால் மற்றவை ஓட்டைக்கு நேரே வராது. கதவை மாட்டுவார்கள். பின்பக்கம் பின்தூணோடு பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். கதவு தொங்குவது முன்பாகத்தில், பூட்டு விழுவது பின்பாகத்தில். இரண்டும் வெவ்வேறு துண்டு. டேஷ்போர்டுக்கு அடியில் முன் தாங்கியில் ஒரு பேக்கிங் கூட்டினால் முன்தூண் பின்னால் சாயும், கதவின் வால் இறங்கும். எடுத்தால் வால் ஏறும். ஓரிடத்தில் சரிசெய்தது இன்னோரிடத்தில் தலைகாட்டும்.

கதவு அமைந்த பிறகே பானெட். அந்தப் பெரிய துண்டின் முன் கீலை மேலே, கீழே, முன்னே, பின்னே நகர்த்தலாம். பின் விளிம்பு கதவின் முன் விளிம்போடு இருபக்கமும் ஒரே இடைவெளியில் வர வேண்டும். இதையெல்லாம் கார் சக்கரத்தில் நிற்கும்போது, எஞ்சினும் கியர்பாக்ஸும் உள்ளே இருக்கும்போது செய்ய வேண்டும். ஜாக்கியில் நிற்கும் வெறும் சட்டத்தில் அழகாக மூடும் கதவு, எஞ்சின் பாரம் ஏறியதும் உரசத் தொடங்கும். எல்லாம் பொருந்திய பிறகு மறுபடி கழற்றி, பெயின்ட் அடித்து, மறுபடி பூட்டுவார்கள். பெயின்டின் கனத்துக்கும் இடம் விட்டிருக்க வேண்டும்.

இவ்வளவு வேலையையும் பார்த்தால், இந்தக் காரை இவ்வளவு கோணலாக ஏன் செய்தார்கள் என்று கேட்கத் தோன்றும். அதே காலத்து அம்பாஸடரின் கூட்டில் அடித்தரையும் பக்கங்களும் துருப்பிடித்தால், பாரம் தாங்கும் உடம்பே போகிறது. ஒவ்வொரு இணைப்பையும் வெட்டி, கூடு கோணாமல் பிடித்து, ஒட்ட வேண்டும். ஹெரால்டில் அழுகியது தாங்கியா, தரையா, மட்கார்டா என்று பார்த்து அதை மட்டும் மாற்றலாம். கவென்ட்ரியில் ஆளில்லாத நெருக்கடியில் போட்ட போல்ட்டுகள், ஆறு தசாப்தம் கழித்துச் சென்னையில் ஒரு பட்டறைக்காரருக்கு வசதியாக இருக்கின்றன. தொழிற்சாலை அவசரத்தில் அரைகுறையாக விட்ட பொருத்தத்தை நிதானமாகச் செய்து முடிக்கும் வாய்ப்பும் அவருக்கு உண்டு. நன்றாகப் புதுப்பித்த ஹெரால்டின் கதவு, 1959-ல் கடையிலிருந்து வந்ததைவிட நேராக மூடுவது இதனால்தான்.

எங்காவது கொட்டகையில் வண்டலூர் ஹெரால்டு ஒன்று கிடந்து, அதை எழுப்ப உங்களுக்கு ஆசை வந்தால், முதலில் டேப்பும் நோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்பேனர் அப்புறம். தாங்கிகளுக்கு இடையே துருவில் ஒட்டிக்கிடக்கும் அந்தத் தகட்டுத் துண்டுகளைப் பழைய இரும்பு என்று குப்பையில் போடாதீர்கள். புது ரப்பர் வாங்கலாம், பானெட்கூடத் தேடினால் கிடைக்கும். எந்தத் தாங்கியில் எத்தனை துண்டு என்ற கணக்கை மட்டும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.